அனுப்பாத வெற்று அட்டை

ஷிமோனோசெகி
மே 14

சவாகோ,

மழைக்காலம் இன்னும் தொடங்கவில்லை. ஆனாலும் விடுதி அறையில் துவைத்துப் போட்ட சட்டை இப்போதே காய மறுக்கிறது. நலம் விசாரிப்பு இவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன்.

மே விடுமுறையில் நாம் போட்ட சண்டை முடியவே இல்லை. சகதா ரயில் நிலையத்தில் சாப்பாட்டுப் பெட்டியை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். வண்டியில் திறந்து பார்த்தால், வெறும் சோறு, நடுவில் ஒரே ஒரு ஊறுகாய்ப் பிளம். அதையே உன் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

நிர்வாகம் என் முன் வைத்திருப்பது இரண்டே வழி. இங்கேயே பிரிவுத் தலைவராக இன்னும் நான்கு வருடம் இருக்கலாம். இல்லையென்றால் அக்டோபரில் சகதா கிளைக்குத் திரும்பலாம், ஆனால் கிடங்கில்தான் வேலை, அதுவும் நிஷிவாகிக்குக் கீழே. வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று நான் சொல்லிக்கொடுத்த அதே நிஷிவாகி. ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நீ "வந்துடுங்க" என்கிறாய். நான் "யோசிக்கணும்" என்கிறேன். அதற்கு மேல் பேச்சு ஓர் அடிகூட நகரவில்லை.

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. ஒவ்வொரு வருடமும் அந்தத் தடைதாண்டும் போட்டி, 'இரும்பு மலை', டி.வி.யில் ஒளிபரப்பாவதற்கு முன்பு நாம் கணிப்பு அட்டை அனுப்பிக்கொள்கிறோமே, இந்த வருடம் அதையே பந்தயமாக வைத்துக்கொள்வோம். உன் கணிப்பு நெருங்கி வந்தால் நான் சகதாவுக்கு வந்து நிஷிவாகிக்கு வணக்கம் போடுகிறேன். என்னுடையது நெருங்கினால் இங்கேயே இருப்பேன், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

சிரிக்காதே. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

யசுனோரி


சகதா
மே 21

மதிப்பிற்குரிய மினெகிஷி யசுனோரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு எடுத்துப்போய், மிசோ சூப் கொதிக்கும்போது படித்தேன். பாதியில் அகப்பையைக் கீழே போட்டுவிட்டேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற ஆள் நீங்கள் என்று தெரியும். ஆனால் இந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. பெண்டாட்டியிடம் வருகிறேன், வரவில்லை என்று சொல்ல ஒரு வாய் போதும். உங்களுக்கு நூறு பேர் தண்ணீரில் விழ வேண்டியிருக்கிறது.

தோற்கிறவளாகப் பார்த்துப் பந்தயம் கட்டுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் பழைய ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்தி நொடிக் கணக்கு எடுப்பீர்கள். நான் கெண்டைக்காலையும் முகத்தையும் பார்த்துச் சொல்வேன். நான் ஜெயித்தது உங்களுக்குக் காய்ச்சல் வந்த வருடம் மட்டும்தான்.

இருந்தாலும் கட்டுகிறேன். வீட்டில் சும்மா உட்கார்ந்து உங்கள் யோசனை பழுப்பதற்குக் காத்திருப்பதைவிட இது மேல். மகளும் செந்தாய் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஒருத்திக்கு அரிசி களைவது எனக்கு அலுத்துவிட்டது.

விதியெல்லாம் வழக்கம்போலத்தான். முதல் ஐந்து இடம் யாருக்கு என்று வரிசையாக எழுத வேண்டும். 'முதல் முழுக்கு' யார் என்றும் சொல்ல வேண்டும், அதாவது பெரிய பேர் எடுத்தவர்களில் முதலில் குளத்தில் விழப்போவது யார், எந்தத் தடையில் என்று. ஒளிபரப்புக்கு முன்பே தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும். படப்பிடிப்பை நேரில் பார்த்தவர் எதுவும் எழுதாமல் வெற்று அட்டை அனுப்பிவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசி விதியை எழுதும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டு ஹொன்மா அம்மாளின் மகன் டைகோ, தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறானே, அவனை இந்த வருடம் போட்டிக்கு எடுத்துக்கொண்டார்கள். அம்மாளுக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது.

"சவாகோ, நீதான் பேனர் பிடிக்கப் போகணும். இந்தக் காலோட நான் எப்படி பஸ் ஏறுவேன்?"

"நான் வந்தா என் அட்டை போயிடுமுங்க. இந்த வருஷம் மட்டும் முடியாது."

"அட்டையா? எம்புள்ள சுவரேறப் போறான், நீ என்னமோ அட்டைங்கறே."

அவரிடம் என்னவென்று விளக்குவது? முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சவாகோ


ஷிமோனோசெகி
ஜூன் 8

சவாகோ,

இரண்டு வாரத்துக்கு மேலாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போன் போட்டாலும் எடுப்பதில்லை. பந்தயம் என்றால் பேசக்கூடாது என்று அர்த்தமா?

மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்ததும் அறைக்கு வந்து பழைய 'இரும்பு மலை'களைப் போட்டுப் பார்க்கிறேன். பக்கத்து அறை ஒகுமுரா கதவைத் தட்டாமல் வந்து நிற்கிறான். "என்ன மினெகிஷி, பரீட்சைக்குப் படிக்கிறாப்பல இருக்கு? அடுத்த வருஷம் நீயே ஓடப்போறியா?" விடுதியில் எல்லோரும் சேர்ந்து நடத்தும் கணிப்பில் மூன்று வருடமாக நான்தான் முதல். அந்தப் பொறாமைதான் அவனுக்கு.

படப்பிடிப்பு முடிந்துவிட்டதாம். போய்ப் பார்த்தவர்கள் ஒளிபரப்பு வரை வாயைத் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நேற்றுப் பேருந்தில் ஒரு ஆள் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான். இவனுக்குத் தெரிந்திருக்குமோ என்று நினைத்து, நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். முடிவு எங்கேயோ நடந்து முடிந்துவிட்டது, நம் இரண்டு பேர் காரியமும் அதோடு சேர்ந்து முடிந்துவிட்டது, நமக்குத்தான் தெரியவில்லை. இதை நினைத்தால் சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது.

டைகோ என்ன ஆனான்? ஒன்றும் சொல்ல மாட்டான், தெரியும். சும்மா கேட்டேன்.

யசுனோரி


சகதா
ஜூன் 15

உங்களுக்கு,

தொண்டை கட்டிக்கொண்டது. ஜலதோஷம். அதனால்தான் போன் எடுக்கவில்லை. என் குரல் கேட்காததால் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

டைகோவைப் பற்றிக் கேட்காதீர்கள்.

தங்கை வீட்டிலிருந்து செர்ரிப் பழம் வந்தது. உங்களுக்குப் பாதி அனுப்பலாம் என்று கூடையைப் பிரித்து, நின்றபடியே எல்லாவற்றையும் தின்றுவிட்டேன். கை ஓரிடத்தில் நிற்கவில்லை. குளியலறை ஓடு தேய்த்தேன், ஜன்னல் தேய்த்தேன், நன்றாக இருந்த திரைச்சீலையைக் கழற்றித் துவைத்தேன். மழையில் அது காயவில்லை. வீடு திரையில்லாமல் கிடக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் ஜெயித்தால் நிஜமாகவே வருவீர்களா? "பார்க்கலாம்" என்று எழுதாதீர்கள். மதில்மேல் பூனையாக இன்னொரு வருடம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

சவாகோ


ஷிமோனோசெகி
ஜூன் 28

சவாகோ,

வருவேன். நான் கட்டிய பந்தயத்திலிருந்து நானே நழுவ மாட்டேன்.

போட்டியாளர்களின் பெயரும் எண்ணும் நேற்று வெளியாகிவிட்டன. என் கணிப்பு இதோ. முதல் இடம் பெட்ரோல் பங்க் இசோகாவா. இரண்டு, கூரை வேயும் தோகாஷி. மூன்று, உடற்பயிற்சி ஆசிரியர் ஷிராயிஷி. நான்கு, ஆக்டோபஸ் பிடிக்கும் குமேதா. ஐந்து, போன வருடம் மூன்றாம் கட்டத்தில் விரல் வழுக்கி விழுந்த உதாகாவா. முதல் முழுக்கு ஷிராயிஷியின் தம்பி, சாய்சுவரில்.

காரணங்களை நான்கு பக்கத்தில் தனியாக இணைத்திருக்கிறேன். படப்பிடிப்பு நாளில் அந்த ஊரில் ஈரப்பதம் எவ்வளவு என்று வானிலைக் குறிப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். ஈரத்தில் பிடி நழுவும், அதனால் கனத்த ஆட்களைக் கீழே இறக்கியிருக்கிறேன். இசோகாவாவுக்கு மட்டும் அது பொருந்தாது. முதல் தடையான உருளும் கட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற மனிதர் அவர். இவ்வளவு கவனமாக நான் என்றைக்கும் கணித்ததில்லை.

உன் அட்டைக்குக் காத்திருக்கிறேன்.

யசுனோரி


சகதா
ஜூலை 1

உங்கள் நான்கு பக்கமும் வந்து சேர்ந்தது. என் கணிப்பு:

முதல் இடம் நுமாஜிரி. இரண்டு தோகாஷி. மூன்று குமேதா. நான்கு ஷிராயிஷியின் தம்பி. ஐந்து உதாகாவா.

முதல் முழுக்கு இசோகாவா, உருளும் கட்டையில்.

சவாகோ


ஷிமோனோசெகி
ஜூலை 4

சவாகோ,

நீ படப்பிடிப்புக்குப் போயிருக்கிறாய்.

இல்லை என்று எழுதிவிடாதே. நுமாஜிரி டோஃபு வண்டி ஓட்டுகிறவர், இதற்கு முன்பு முதல் கட்டத்தைத் தாண்டியதே இல்லை. அவரை முதல் இடத்தில் வைக்க இந்த நாட்டில் ஒரு ரசிகனுக்கும் தோன்றாது. இசோகாவா முதல் தடையிலேயே விழுவார் என்று அவருடைய விரோதிகூடச் சொல்ல மாட்டான். கெண்டைக்காலைப் பார்த்துச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. தொண்டை கட்டியது ஜலதோஷத்தால் இல்லை, கத்தியதால். இப்போதுதான் புரிகிறது.

விதியை மே மாதம் நீயே உன் கையால் எழுதி அனுப்பினாய். வெற்று அட்டை ஒன்று போட்டிருந்தால் போதுமே. சீட்டாட்டத்தில்கூட அடுத்தவர் சீட்டைப் பார்க்காத பெண் நீ. அங்கே வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்தும் போட்டிருப்பாய்.

என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? நான் வருடம் முழுக்கக் காத்திருக்கும் ஒரே நிகழ்ச்சி இது. அது எனக்கு இப்போது செத்துப்போனது. விடுதிக் கணிப்பில் நானும் வெற்று அட்டைதான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் "யார் சொன்னது?" என்று கேட்பார்கள். என் மனைவி வாக்கு மீறினாள் என்று சொல்லவா? சொல்லவில்லை. தப்பென்று தெரிந்தே என் பழைய கணிப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒகுமுரா அதை வாங்கிப் பார்த்து, "வழக்கம்போல பிரமாதம்" என்றான்.

கோபமாக இருக்கிறேன். ஏன் இப்படிச் செய்தாய்?

யசுனோரி


சகதா
ஜூலை 8

உங்களுக்கு,

ஆமாம், போனேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

கிளம்புகிற நாள் காலையில் ஹொன்மா அம்மாள் ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்று அழுதார். அவருக்காகத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. வீட்டில் இருக்க முடியாமல் போனேன். யாராவது என்னை எங்காவது கூப்பிட்டால் போதும் என்று இருந்தது. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பந்தயமே உறைத்தது. தோற்றேன் என்று அப்போதே ஒப்புக்கொண்டேன். திரும்பி வந்ததும் வெற்று அட்டையில் உங்கள் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, மேஜைமேல் வைத்துவிட்டேன். பெயர்கள் வெளியானதும் போடுவதாக இருந்தேன்.

அதற்குள் உங்கள் நான்கு பக்கம் வந்தது.

ஈரப்பதத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆள் ஆளாக எடை போட்டிருக்கிறீர்கள். இவ்வளவு கவனமாக என்றைக்கும் கணித்ததில்லை என்று பெருமையாக வேறு எழுதியிருந்தீர்கள். இத்தனை பாடு எதற்கு? ஜெயிப்பதற்கு. ஜெயித்தால் என்ன கிடைக்கும்? வராமல் இருக்கலாம். என் புருஷன் வீட்டுக்கு வராமல் இருக்க நான்கு பக்கம் எழுதியிருக்கிறார் என்று உட்கார்ந்து படித்தேன். என் விஷயத்தில் மட்டும் "யோசிக்கணும்" என்கிற மனிதர், அதைத் தட்டிக்கழிக்க எப்படியெல்லாம் யோசிக்கிறார் என்று பார்த்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. வெற்று அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததை எழுதித் தபாலில் சேர்த்தேன்.

வாக்கு மீறியது தப்பு. அந்தப் போட்டியை நடத்துகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், டைகோவிடம் கேட்கிறேன். உங்களிடம் கேட்க மாட்டேன். வீட்டுக்கு வருவதைச் சூதாட்டமாக்கியது நீங்கள். சூதாட்டத்தில் ஏமாற்றுவார்கள், நானும் ஏமாற்றினேன்.

அங்கே நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டைகோ சாய்சுவரில் மூன்றாம் முறை ஏறும்போது விரல் நுனி விளிம்பைத் தொட்டது. "ஏறுடா, ஏறு" என்று கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவன் வழுக்கிக்கொண்டு கீழே வந்து உட்கார்ந்தான், நேரம் முடிந்தது. திரும்பும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். என் வீட்டு மனுஷனிடம் "வாங்க" என்பதை மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

அதனால் இப்போது சத்தமாகச் சொல்கிறேன். எனக்கு நீங்கள் வேண்டும், வந்துவிடுங்கள். பிரிவுத் தலைவர் பெண்டாட்டி என்ற பேர் எனக்கு வேண்டாம். ஆனால் பந்தயத்தில் தோற்றதால் வந்தேன் என்று வாசலில் வந்து நிற்காதீர்கள். நான் ஏமாற்றிவிட்டேன், பந்தயம் செல்லாது. வருவதானால் உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். வரவில்லை என்றாலும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அடுத்த வருடத்திலிருந்து நான் கணிப்பு எழுதப்போவதில்லை.

சவாகோ


ஷிமோனோசெகி
ஜூலை 14

சவாகோ,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். நீ சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஜெயிக்கத்தான் பார்த்தேன். ஜெயித்திருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்காது. நிஷிவாகி ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த வீட்டில் குளித்துவிட்டுத் துவட்டத் துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள விருந்தாளிக்கு எடுத்து வைக்கும் செருப்பைத்தான் எனக்கும் வைக்கிறாய். நிரந்தரமாக வந்துவிட்டு அதையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேனோ என்று பயம்.

நேற்று முன்தினம் ஒளிபரப்பு. விடுதிக் கூடத்தில் எல்லோரும் பீரும் வறுத்த கோழியுமாக உட்கார்ந்திருந்தார்கள். இசோகாவா கட்டையில் கால் வைத்த உடனே குளத்துக்குள் போனார். கூடமே எழுந்து நின்றுவிட்டது. ஒகுமுரா என் முதுகில் அடித்து, "போச்சு மினெகிஷி, உன் முதலிடம் மீன் பிடிக்கப் போயிருச்சு" என்றான். நானும் அதிர்ச்சி அடைந்ததுபோல வாயைப் பிளந்து காட்டினேன். அதற்கப்புறம் யார் விழுவார்கள், யார் நிற்பார்கள் என்று எல்லாம் தெரிந்ததால், ஓடுகிறவர்களைப் பார்க்க எனக்கு ஒன்றுமில்லை. சும்மா பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

டைகோவின் முறை வந்தது. அவன் சுவரில் தொங்கும்போது கேமரா ஒரு கணம் திரும்பியது. 'டைகோ' என்று எழுதிய பேனருக்குப் பின்னால் ஒரு பெண், காதுவரை வெட்டிய முடி, பாதி நரை, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். ஒகுமுரா, "அந்தம்மாவைப் பாரு, தொண்டை பிஞ்சு கையில வந்துரும்போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரோ பையனின் அம்மா என்று நினைத்தேன்.

பிறகு அவள் பேனரைக் கீழே விட்டுவிட்டுப் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். அது நீ.

சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து வெளியே மழையில் போய் நின்றேன். நீ அங்கே இருப்பாய் என்று தெரிந்தும், உன்னைக் கண்ணால் பார்த்தும், யாரோ என்று சிரித்திருக்கிறேன். இன்னும் நான்கு வருடம் இங்கே இருந்தால் என்ன ஆகும் என்று கணிக்க எனக்கு ஈரப்பதம் தேவைப்படவில்லை.

இன்று காலை நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன். அக்டோபரில் சகதா. நிஷிவாகிக்கும் போன் செய்தேன். "அண்ணே, கிடங்கு குளிர் உங்களுக்கு ஒத்துக்குமா?" என்றான். "அந்தக் கதவைச் சரியா மூடினா குளிராதுப்பா, நான் வந்து காட்டறேன்" என்றேன். "வாங்கண்ணே" என்றான்.

பந்தயத்தில் தோற்றதால் அல்ல. வருகிறேன், என் வாயால் சொல்கிறேன்.

முடியை எப்போது வெட்டினாய்? எனக்கு எழுதவே இல்லையே.

யசுனோரி


சகதா
ஜூலை 18

உங்களுக்கு,

முடியைப் பிப்ரவரியில் வெட்டினேன். சாப்பாட்டுக் கூடத்தில் தொப்பிக்குள் அடங்கவில்லை என்று வெட்டினேன்.

மே விடுமுறை முழுக்க இதே தலையோடுதான் உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அக்டோபர் வரை என்னால் பொறுக்க முடியாது. ஆகஸ்டில் ஒபோன் பண்டிகைக்கே வந்துவிடுங்கள். ரயில் நிலையத்தில் நான் கை தூக்க மாட்டேன். கூட்டத்தில் நீங்களே என்னைக் கண்டுபிடியுங்கள்.

சவாகோ